பொய்யும் நகையும்: கே. ஏ. தங்கவேலுவின் துணைப் பாத்திரங்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அவற்றுள் நகையை முதற்கண் வைத்தார். ஆயினும் அழுகையைப் பற்றியும் பெருமிதத்தைப் பற்றியும் நம் திறனாய்வாளர் எழுதியவற்றோடு ஒப்பிட்டால், நகையைப் பற்றி எழுதியவை மிகச் சிலவே. பழைய இலக்கியத்திற்கே நிலைமை இதுவாயின், திரைப்படத்தின் நகைச்சுவையைப் புலவருலகம் ஏறெடுத்துப் பாராமை வியப்பன்று. திரைப்படத்தை ஆராய முற்படுவோரும் தலைவன் தலைவியர் கதையை எடுத்துக்கொண்டு, நகைச்சுவைப் பகுதியை 'இடையிடையே வரும் கேளிக்கை' என்னும் ஒரு தொடரால் தள்ளிவிடுகின்றனர். 'அப்பகுதியை வெட்டி எறிந்தாலும் கதைக்கு ஊறு நேராது' என்பது பலரும் எடுத்தாளும் தீர்ப்பாகும்.

இத்தீர்ப்பு எல்லாப் படங்களுக்கும் பொருந்துமா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா. பொருந்தும் படங்கள் பலவுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கே. ஏ. தங்கவேலு (1917-1994) துணைப் பாத்திரமேற்ற சிறந்த படங்களில் நகைச்சுவைப் பகுதி, தலைமைக் கதை எழுப்பும் வினாவையே தாழ்ந்த குரலில் மீண்டும் எழுப்புகின்றது. அதனை நீக்கின் தலைமைக் கதையின் பொருளும் குறைவுபடும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வமைப்புத் திரைப்படம் புதிதாகக் கண்டதன்று. தமிழ் நாடக இலக்கியத்தில், சிறப்பாகக் காவிரி நாட்டு மேடையில், முன்பே வேரூன்றியது என்பதையும் காட்ட முயல்வோம்.

நம்மை இவ்வாய்விற்குத் தூண்டியது வகுப்பறை நிகழ்ச்சி ஒன்று. குறவஞ்சியில் சிங்கனும் சிங்கியும் உரையாடும் பகுதியைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரத்தநாட்டுப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர், "ஐயா, இது மன்னார் கம்பெனிப் பேச்சு மாதிரி இருக்கிறதே!" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அப்படம் வெளிவந்த காலத்தில் அம்மாணவரின் தந்தையாரே பிறந்திருக்கமாட்டார். வேலையின்றித் திரியும் பிள்ளைகளை "மன்னார் கம்பெனியில் உத்தியோகமோ?" என்று தம் பாட்டியார் கேட்பதுண்டென்று அவர் பின்னர்க் கூறினார். திரைப்படத்தின் கற்பனை நிறுவனம் ஒன்று மூன்று தலைமுறையாக மக்கள் வழக்கில் பழமொழிபோல் வாழ்கின்றதெனின், அதனை வெறுங் கேளிக்கையென ஒதுக்குதல் ஆய்வாளர்க்குத் தகாது. மாணவர் கண்ட ஒப்புமையும் தற்செயலானதன்று. அதனை இனி விரிப்போம்.

2. ஊரும் மரபும்

காரைக்கால் அருணாசலம் தங்கவேலு பிறந்த ஊர் திருமலைராயன்பட்டினம். அவர் பிறந்த 1917-ஆம் ஆண்டில் அவ்வூர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் முதல் நாளிலேதான் காரைக்கால் பகுதியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. ஆட்சி வேறாயினும் அவ்வூரின் நீரும் நெல்லும் பேச்சும் தஞ்சைத் தரணியினுடையனவே. காவிரியின் கடைமடைப் பகுதி அது. மேற்கிலிருந்து வரும் திருமலைராயனாறு அவ்வூர்ப் பக்கத்தே கடலொடு கலக்கின்றது. எல்லைச் சாவடிக்கு இப்புறம் ஒருவன் பேசும் பகடி அப்புறத்தானுக்கும் விளங்கியது.

இலக்கிய வரலாற்றில் இவ்வூர்க்கு வேறொரு புகழுண்டு. பதினைந்தாம் நூற்றாண்டினராகிய காளமேகப் புலவர், திருமலைராயன் அவையில் அதிமதுரகவிராயரோடு வாது செய்ததும், அவமதிக்கப்பட்டு ஊர் மண்மாரியால் அழியுமாறு வசை பாடியதும் இவ்வூரைப் பற்றிய செவிவழிக் கதைகளாம். கதையின் உண்மை எவ்வாறாயினும், பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அடக்கிய சிலேடைப் புலவரின் பெயரோடு இவ்வூர்ப் பெயர் பிணைந்துள்ளமை உண்மை. ஒரு சொல்லுக்குள் இரு பொருளை ஒளித்துவைத்துக் கேட்போரைத் திகைக்கச் செய்யும் கலை அது. ஊரொன்றாதல் பற்றி நாம் காளமேகத்திற்கும் தங்கவேலுவுக்கும் வழிமுறை கற்பிக்க வரவில்லை. அவ்வாறு கூறுவது ஆராய்ச்சியாகாது. சொல்லையே விளையாட்டுப் பொருளாகக் கொண்டு மகிழும் கேட்போர் கூட்டம் ஒன்று காவிரி நாட்டில் நெடுங்காலமாக இருந்துவந்தது என்ற அளவிலேயே இதனைச் சுட்டுகின்றோம்.

அக்கூட்டம் மேடையிலும் நகைக்கு இடந்தந்தது. மெலட்டூர் பாகவத மேளத்தில், புராணப் பாத்திரங்கள் தோன்றுமுன் கோணங்கி ஆடிக்கொண்டு நுழைகின்றான். கோயிலினுள் பெரிய மேளம் முழங்க, வெளியே கரகத்தோடு நையாண்டி மேளம் ஒலிப்பதும் தஞ்சைப் பகுதி மக்கள் நன்கறிந்ததே. உயர்ந்ததற்கு அருகே எளியதும் நின்று அதனை ஒருவாறு போலச்செய்து காட்டும் இம்முறை, குறவஞ்சி இலக்கியத்திலே முழுவடிவம் பெறுகின்றது.

இரண்டாம் சரபோசி மன்னரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி, தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் நடிக்கப்பெற்றது. பொதுவாகக் குறவஞ்சியின் அமைப்பை நோக்கின் அதனில் இரு கதைகள் உள. மேற்கதையில் உயர்குலத் தலைவி பாட்டுடைத் தலைவன் மீது காதல் கொண்டு வாடுகின்றாள். கீழ்க்கதையில் குறத்தியைத் தேடிக் குறவன் அலைகின்றான். இவ்விரண்டையும் இணைப்பது குறி. தலைவிக்குக் குறி சொன்ன சிங்கி பரிசில் பெற்றுத் திரும்புகின்றாள். அப்பரிசிலாகிய அணிகலன்களே, அவளைக் கண்ட சிங்கனின் ஐயத்திற்கும் வினாவிற்கும் காரணமாகின்றன. காலில் கிடக்கும் சிலம்பைக் கண்டு அவன் ஏதேதோ எண்ணி வினவ, அவள் ஒவ்வொன்றிற்கும் விடை கூறுகின்றாள். மேற்கதையில் காதலின் பயனாக வந்த பொருளே கீழ்க்கதையில் கணவன் மனைவியரிடையே ஐயத்தின் பொருளாகிறது. இவ்வுறவை மனத்திற்கொண்டால், தங்கவேலுவின் படங்களை அணுகுவதற்கு வழி திறக்கும்.

3. மேடையிலிருந்து திரைக்கு

தங்கவேலு இளமையிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து பயின்றவர். பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களும் பிற நாடக சபைகளும் தமிழ்த் திரைப்படத்திற்கு முதல் இரு தலைமுறை நடிகரை அளித்தன. ஒலிபெருக்கி எங்கும் பரவாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் சென்று சேரவேண்டும். ஆதலின் உச்சரிப்பே அங்கு முதற்பாடம். வல்லினமும் மெல்லினமும், லகர ளகர ழகரங்களும் பிறழாத தெளிவு தங்கவேலுவின் பேச்சில் இறுதிவரை நின்றது. எவ்வளவு விரைந்து பேசினும் அவர் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி' அவர்க்கு முதற்படம். எஸ். எஸ். வாசன் எழுதிய கதையை எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அப்படத்திலேதான் எம். ஜி. இராமச்சந்திரன், என். எஸ். கிருஷ்ணன், டி. எஸ். பாலையா ஆகியோரும் திரைக்கு அறிமுகமாயினர். ஒரே வாயிலில் நுழைந்த இவர்களுள் என். எஸ். கிருஷ்ணன் விரைவிலேயே தமிழ்நாடெங்கும் பெயர்பெற்றார். தங்கவேலுவோ நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1951-இல் வந்த 'சிங்காரி' அவர்க்கு 'டணால்' என்னும் அடைமொழியைத் தந்தது. அப்படத்தில் அவர் அடிக்கடி ஒலித்த ஒலிக்குறிப்புச் சொல்லே அது. நடிகரொருவரின் பெயர்க்கு முன் பாத்திரப் பெயரோ பட்டமோ நிற்பதுண்டு. ஓர் ஒலியே நிற்பது அரிது. இவரை மக்கள் கண்ணால் மட்டுமன்றிச் செவியாலும் அறிந்துகொண்டனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

4. நகையின் நிலைக்களன்

மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் களங்களை நான்காகக் கூறும். பிறரை இகழ்தலாகிய எள்ளலும், குழவித்தன்மையாகிய இளமையும் அவற்றுள் இரண்டு. எஞ்சிய மடனும் பேதைமையும் ஒன்றுபோல் தோன்றினும் உரையாசிரியர் அவற்றை வேறுபடுத்துவர். கேட்டதனை ஆராயாது மெய்யென நம்புதல் பேதைமை. பிறர் அறிவுறுத்தக் கொண்டதனை விடாது பற்றி நிற்றல் மடன். இவை தன்னிடத்தும் தோன்றும்; பிறரிடத்தும் தோன்றும்.

இவ்விலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு பார்ப்பின், திரைப்பட நகைச்சுவை நடிகரிடையே உள்ள வேறுபாடு புலனாகும். என். எஸ். கிருஷ்ணனின் நகை பெரும்பாலும் எள்ளலைச் சார்ந்தது. சமுதாயத்தின் மூடப்பழக்கங்களை இகழ்ந்து திருத்த முற்படுவது அது. பின்வந்த நாகேசின் நகையில் உடலின் இளமைத் துள்ளல் மிகுதி. தங்கவேலுவின் நகையோ பேதைமையைச் சார்ந்தது. பேதைமை இருக்க வேண்டுமாயின் நம்பத்தக்க பொய் ஒன்று இருக்கவேண்டும். பொய் இருக்க வேண்டுமாயின் அதனைச் சொல்வான் ஒருவன் வேண்டும். ஆதலின் பொய்யே அவர் கலையின் மூலப்பொருள் ஆயிற்று.

அவர் பொய் சொல்லும் முறை உற்றுநோக்கத்தக்கது. பொய்யன் பதறுவான் என்பது பொதுவான நாடக வழக்கு. இவர் பதறுவதில்லை. பொய் பெரிதாக ஆகக் குரலில் நிதானமும் பெருமிதமும் கூடுகின்றன. கைகால் அசைவு குறைகின்றது. ஐயப்பட்டு ஒருவர் கேட்கும் குறுக்கு வினாவிற்குமுன் ஒரு நொடி நிற்பார். அந்நொடியிலே அடுத்த பொய் பிறப்பதை நாம் காண்கின்றோம். தான் கட்டிய பொய்க்குத் தானே மயங்கத் தொடங்கும் நிலையும் பின்னர் வருகின்றது. அப்போது பேதைமை கேட்பவரிடமிருந்து சொல்பவரிடம் பெயர்கின்றது. இப்பெயர்ச்சியே இவர் நகையின் உயிர்நிலை.

5. 'கல்யாணப் பரிசு': இருவகைப் பொய்

ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு' 1959-இல் வெளிவந்தது. அதன் தலைமைக் கதையை முதலில் சுருங்கக் கூறுவோம். பாஸ்கரும் வசந்தியும் காதலர். வசந்தியின் தமக்கை கீதா, இவர்கள் காதலை அறியாது, பாஸ்கர் மீது அன்பு கொள்கின்றாள். தமக்கைக்காக வசந்தி தன் காதலை மறைத்துப் பாஸ்கரை அவளுக்கே மணமுடிக்கின்றாள். பாஸ்கரால் பழைய காதலை மறக்க இயலவில்லை. மறைத்த உண்மை மூவர் வாழ்வையும் உள்ளிருந்து அரிக்கின்றது. உண்மை அறிந்த கீதா நோயுற்று மாள்கின்றாள். வசந்தியைத் தேடிவரும் பாஸ்கர், அவளை வேறொருவரின் மணமகளாகக் கண்டு, தன் குழந்தையையே திருமணப் பரிசாக அவள் கையில் ஒப்படைத்துப் பிரிகின்றான்.

இனிக் கிளைக்கதையைக் காண்போம். பாஸ்கரின் நண்பன் சம்பத்தாகத் தங்கவேலுவும், அவன் மனைவி மாலதியாக எம். சரோசாவும் நடித்தனர். இவ்விருவரும் பின்னர் வாழ்விலும் மணந்துகொண்டவர். சம்பத்துக்கு வேலையில்லை. 'மன்னார் அண்டு கம்பெனி'யில் மேலாளராக இருப்பதாக மனைவியிடம் சொல்லிவைத்திருக்கின்றான். அஃது ஒரு பொய்யோடு நிற்கவில்லை. பைரவன் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளன் தானே என்றும் அவளை நம்பவைக்கின்றான். இல்லாத அலுவலகத்திற்கு நாள்தோறும் செல்வதும், எழுதாத நூல்களுக்குப் புகழ் கேட்பதும் அவன் வாழ்க்கையாகின்றன.

இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் கருப்பொருள் ஒன்றே: அன்புடையார் ஒருவரிடம் உண்மையை மறைத்தல். வசந்தி தன்னலமின்றி, தமக்கையின் இன்பத்திற்காக மறைக்கின்றாள். சம்பத்தோ தன் பெருமைக்காக மறைக்கின்றான். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்திலே வைத்து எண்ணப்படும் என்பது திருவள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் கூறிய கருத்து. அவ்வளவுகோலின்படி வசந்தியின் மறைப்பு ஏற்றுக்கொள்ளத்தக்கதாகவும், சம்பத்தின் பொய் கடியத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். ஆனால் படத்தில் நிகழ்வதென்ன? உயர்ந்த நோக்கமுடைய மறைப்பு ஓர் உயிரைக் கொள்கின்றது. இழிந்த நோக்கமுடைய பொய் சிரிப்போடு கழிகின்றது.

இம்முரணை நேருக்கு நேர் எதிர்கொள்ளும்போதுதான் வள்ளுவர் கருத்தின் நுட்பமும் விளங்கும். நோக்கம் நன்றாதல் மட்டும் போதாது. பயன் குற்றமற்ற நன்மையாதல் வேண்டும் என்பதன்றோ அவர் விதித்த வரம்பு? வசந்தி நோக்கத்தை மட்டும் நோக்கினாள், பயனை அளந்தாளில்லை. தியாகத்தை வரையறையின்றிப் போற்றிப் பழகிய நமக்கு, அதன் உள்ளேயும் ஒரு பொய் உண்டு என்பதைத் தலைமைக் கதை மட்டும் கூறியிருப்பின் கண்ணீர் மறைத்திருக்கும். மன்னார் கம்பெனி மேலாளன் வந்து சிரிக்கவைத்துப் பொய்யின் இயல்பைக் கற்பித்துவிடுகின்றான்: ஒரு பொய் நிற்க மற்றொரு பொய் வேண்டும், அது நிற்கப் பின்னும் ஒன்று வேண்டும். இதனை அவனிடம் சிரித்துக்கொண்டே கற்ற நாம், அடுத்த காட்சியில் கீதாவின் இல்லத்துள் நுழையும்போது, அதே விதி அங்கும் இயங்குவதைச் சிரிப்பின்றிக் காண்கின்றோம்.

சிங்கியின் சிலம்பு மேற்கதையினின்று கீழ்க்கதைக்கு வந்தது போல, இங்கு மறைப்பு என்னும் பொருள் இரு கதைகளிடையேயும் கைமாறுகின்றது. மாணவர் கண்ட ஒப்புமைக்கு அடிப்படை இதுவே. வேறுபாடு ஒன்றுண்டு. குறவஞ்சியில் ஐயுற்று வினவுபவன் கணவன். விடை பகர்பவள் மனைவி. அவள் விடைகள் மெய். திரைப்படத்தில் வினவுபவள் மனைவி, விடை பகர்பவன் கணவன், விடைகள் பொய். குறத்தி ஊர்தோறும் சென்று பொருளீட்டியவள். ஆதலின் வினா அவள்பால் எழுந்தது. புதிய நடுத்தரக் குடும்பத்தில் வெளியே சென்று ஈட்டவேண்டியவன் கணவன். ஆதலின் வினா அவன்பால் எழுகின்றது. உத்தியோகமே ஆடவனின் மதிப்பு என்றாகிவிட்ட காலத்தின் அச்சத்தையே சம்பத் சிரிப்பாக மாற்றினான். வேலை தேடிப் பட்டணம் சென்ற பிள்ளைகளைக் கொண்ட தஞ்சைச் சிற்றூர்கள் அச்சொல்லை விடாது பிடித்துக்கொண்டமைக்குக் காரணமும் இதுவாகலாம்.

6. பிற படங்கள்

ஒரு படத்தால் மட்டும் நம் கருத்து நிலைபெறாது. வேறு நான்கு படங்களை நோக்குவோம்.

எல். வி. பிரசாத் இயக்கிய 'மிஸ்ஸியம்மா' (1955) முழுவதும் ஒரு பொய்யின் மேல் எழுந்தது. மணமான பட்டதாரிகளே வேண்டும் என்னும் பள்ளி வேலைக்காக, மணமாகாத இருவர் கணவன் மனைவியராக நடிக்கின்றனர். தலைமைப் பாத்திரங்களே பொய்யராகிவிட்ட இக்கதையில் தங்கவேலு என் செய்வார்? அவர் உண்மையைத் துருவும் துப்பறிவாளராக வருகின்றார். நிலக்கிழாரின் காணாமற்போன மகள் யார் என்பதைச் சிறு தடயங்களைக் கொண்டு தேடும் பணி அவருடையது. துப்பறிவாளர்க்குரிய மிடுக்கும் தன்னம்பிக்கையும் நமக்குச் சிரிப்பை ஊட்டுகின்றன. ஆயினும் கதையின் முடிச்சு அவிழ அவர் தேடல் துணைபுரிகின்றது. தலைமைக் கதை பொய்யாயின் நகைப்பாத்திரம் மெய்யை நாடுகின்றது. இதே பாத்திரத்தைத் தெலுங்கு வடிவத்தில், அக்காலத்துத் தலைமை நடிகராகிய அக்கினேனி நாகேசுவரராவ் ஏற்றிருந்தார் என்பது நோக்கத்தக்கது. துணைப் பாத்திரத்தின் எடையை இதுவே காட்டும்.

'அடுத்த வீட்டுப் பெண்' (1960) குரலைப் பற்றிய கதை. இசையை விரும்பும் அடுத்த வீட்டுப் பெண்ணின் மனத்தைக் கவர விழையும் தலைவனுக்குப் பாடத் தெரியாது. டி. ஆர். இராமச்சந்திரன் வாயசைக்க, மறைவில் நின்று நண்பராகிய தங்கவேலு பாடுகின்றார். அரங்கிலே நமக்குத் தெரிந்த மற்றொன்றும் உண்டு: தங்கவேலுவும் பாடவில்லை, பின்னணிப் பாடகர் பி. பி. ஸ்ரீநிவாசின் குரலே அது. ஒருவர் குரலை இன்னொருவர் இரவல் பெற, அவரிடமிருந்து மூன்றாமவர் இரவல் பெறுகின்றார். பின்னணிப் பாட்டு என்னும் திரைக்கலை வழக்கத்தையே இக்காட்சி நகைப்பொருளாக்கிவிட்டது. பொய்யைச் சொல்வானாகிய சம்பத்துக்கு மாறாக, இங்கு அவர் பிறர் பொய்க்கு நாவாக நிற்கின்றார்.

'தேன் நிலவு' (1961) ஸ்ரீதரின் மற்றொரு படம். காசுமீரத்தில் எடுக்கப்பெற்ற இப்படத்தில், மறுமணம் செய்துகொண்டு, மணப்பருவமுற்ற மகளையும் உடன் அழைத்துக்கொண்டு தேனிலவு செல்லும் தந்தையாக வருகின்றார். தேனிலவு இளையோர்க்கு உரியதென்பது வழக்கு. தந்தையின் தேனிலவிலே மகளின் காதல் அரும்புகின்றது. இங்குக் கிளைக்கதை தனியே நில்லாது, தலைமைக் கதைக்கே காரணமாகின்றது.

'அறிவாளி' (1963) ஷேக்ஸ்பியரின் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' என்னும் இன்பியல் நாடகத்தைத் தழுவியது. செருக்குடைய மனைவியைக் கணவன் வழிப்படுத்துவது தலைமைக் கதை. கிளைக்கதையில் தங்கவேலு தம் மனைவியாகிய டி. பி. முத்துலட்சுமிக்குப் பூரி செய்யக் கற்பிக்கின்றார். ஒவ்வொரு படியையும் அவர் விளக்கி முடித்தவுடன், அது தனக்கு முன்னரே தெரியும் என்று அவள் சொல்லிவிடுகின்றாள். அடுத்தது யாதென வினவின் மட்டும் அவளிடம் விடையில்லை. தலைமைக் கதையில் சிவாசி கணேசனும் பானுமதியும் வன்மையோடு மோதுகின்றனர். இங்கே மாவும் எண்ணெயுமே போர்க்களம். மேலே வெற்றி கணவனுக்கு; கீழே கற்பிப்பவனே களைத்துப்போகின்றான். ஒருவரை அடக்கலாம், அறிவுறுத்தல் அத்துணை எளிதன்று என்று கிளைக்கதை தலைமைக் கதையின் வெற்றியைக் கேலிசெய்வதாகவும் கொள்ளலாம். உரையாசிரியர் கூறிய மடனுக்கு இங்கு ஒரு புதிய வடிவம் கிடைத்தது: கொளுத்தினும் கொள்ளாமல், கொண்டதாகவே கூறி நிற்றல்.

ஆகவே இந்நான்கு படங்களிலும் அவர் ஒரே பாத்திரத்தைத் திரும்ப நடித்தார் என்பது பொருந்தாது. முன் கூறிய சம்பத்தையும் சேர்த்து நோக்கின், பொய்யைப் படைப்பவன், மெய்யைத் துருவுபவன், பிறர் பொய்க்குக் குரல் தருபவன், முறை பிறழ்ந்த தந்தை, தோற்கும் ஆசிரியன் எனத் தலைமைக் கதையின் தேவைக்கேற்ப அவர் நிலை மாறுகின்றது. மாறாது நிற்பது குரலின் நிதானம் ஒன்றே.

7. தடையும் விடையும்

நம் கருத்துக்கு மூன்று தடைகள் எழலாம்.

முதலாவது: உரையாடலை எழுதியவர் வேறொருவராயிருக்க, அதன் சிறப்பை நடிகர்க்கு ஏற்றுவது தகுமோ? எழுதியவர் பங்கை நாம் குறைக்கவில்லை. ஆயினும் குறவஞ்சியை ஏட்டில் படிப்பதற்கும் மேடையில் காண்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. சம்பத்தின் பொய்களை எழுத்தில் படிப்பின் சில சிரிப்பூட்டா. அவற்றுக்கு இடையே நடிகர் நிற்கும் நொடியே அவற்றை நகையாக்குகின்றது. அந்நொடி எந்தக் கையெழுத்துப் படியிலும் எழுதப்படுவதன்று.

இரண்டாவது: அவர் நகைச்சுவைப் பகுதிகளை வானொலியில் ஒலிச்சித்திரமாகவும், பின்னர் ஒலிநாடாவிலும், இந்நாளில் கைப்பேசியிலும் மக்கள் தனியே கேட்டும் கண்டும் சுவைக்கின்றனரே; கதையின்றியும் அவை நிற்பதற்கு அதுவே சான்றன்றோ? நிற்கின்றன என்பது உண்மை. படத்தைக் காணாமல் குரலை மட்டும் கேட்டே மக்கள் சிரித்தனர் என்பது, இவர் கலை குரற்கலை என நாம் முன்னர்க் கூறியதற்கு அரண் செய்கின்றது. ஆனால் தனியே நிற்பதும் முழுப்பொருள் தருவதும் வேறு. புறநானூற்றுப் பாடலொன்றைத் துறைக்குறிப்பின்றியும் சுவைக்கலாம். குறிப்போடு சுவைக்குங்கால் கிடைக்கும் பொருள் அப்போது கிடைப்பதில்லை. வெட்டியெடுத்த காட்சியில் சம்பத் ஒரு பொய்யன் மட்டுமே. படத்தினுள் அவன் வசந்திக்கு எதிரே வைக்கப்பட்ட கண்ணாடி.

மூன்றாவது தடை வலிமையுடையது. இவர் நகை பல இடங்களில் மனைவியின் அறியாமையைச் சார்ந்து நிற்கின்றதே. அது பெண்டிரை எள்ளுவதாகாதா? இதனை நாம் முற்றும் மறுக்க இயலாது. பூரிக் காட்சியில் சிரிப்பின் முதற்பகுதி பெண்ணின் அறியாமையாலேயே எழுகின்றது. மாலதியின் நம்பிக்கையும் பேதைமையாகவே காட்டப்பெறுகின்றது. அக்காலத் திரைப்படத்தின் குறை இது. இந்நடிகரும் அதற்குப் புறம்பானவர் அல்லர். ஆயினும் தீர்ப்புக்கு முன் ஒன்றை எண்ணவேண்டும். இக்காட்சிகளின் இறுதியில் இகழ்ச்சி எவர்மேல் சென்று தங்குகின்றது? தன் பொய்யால் தானே கட்டுண்டவன் கணவன். கற்பிக்கத் தொடங்கிக் களைத்தவனும் கணவனே. டி. பி. முத்துலட்சுமியும் எம். சரோசாவும் வெறும் கேட்போராய் நில்லாது, ஈடுகொடுத்துப் பேசும் வன்மையால் அந்நகையில் சரிபாதி பெறுகின்றனர். இவ்விரு நடிகையரையும் தனித்தெடுத்து ஆராய்தல் பிறிதோர் ஆய்வாளரின் கடனாகும்.

இன்னொரு குறையையும் நேர்மையோடு கூறவேண்டும். தலைமைக் கதையோடு தொடர்பின்றி, வெறும் இடைநிரப்பாகக் காட்சிகள் எழுதப்பெற்ற படங்களும் இவர்க்குப் பலவுண்டு. அவற்றில் குரல் அதுவே, நிதானம் அதுவே. எனினும் நினைவில் நிற்பதில்லை. நம் கருத்துக்கு இஃது எதிர்ச்சான்றன்று; உடன்பாட்டுச் சான்றேயாம். நடிகரின் திறன் மாறாதிருக்க, கதையோடு பிணைந்தவிடத்து நிலைத்தும் பிணையாதவிடத்து மறைந்தும் போவது, அப்பிணைப்பே உயிர் என்பதைக் காட்டவில்லையா?

8. முடிவுரை

1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் அதே ஸ்ரீதர், 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்னும் மற்றொரு பெயர்ப்பலகை நிறுவனத்தைப் படைத்து அதனை நாகேசின் கையில் கொடுத்தார். மன்னார் கம்பெனிக்கு அது தம்பி எனத் தகும். ஆயினும் நாகேசு அதனைக் கண்ணாலும் கையாலும் உடல் முழுவதாலும் நடத்தினார். தங்கவேலு தம் நிறுவனத்தை நாவொன்றாலேயே நடத்தியவர். அதன்பின் திரைநகை பெரும்பாலும் உடலின் வழியே சென்றது. 1994 செப்டம்பர் 28-ஆம் நாள் தங்கவேலு மறைந்தபோது, நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசப் பயின்றிருந்த தலைமுறையின் பெருங்குரல்களுள் ஒன்று ஓய்ந்தது.

இதுகாறும் கூறியவற்றால், சிறந்த துணைப் பாத்திரம் தலைமைக் கதைக்கு ஒட்டுப்போட்டதன்று, அதன் மறுபக்கம் என்பதும், அவ்வமைப்புக் குறவஞ்சியை ஆடிக்கண்ட காவிரி நாட்டிற்குப் பழையதென்பதும் பெறப்படும். சிங்கன் சிங்கியர் உரையாடலுக்கு உரைவிளக்கம் எழுதும் நாம், சம்பத் மாலதியர் உரையாடலையும் பிழையின்றிப் படியெடுத்து, நடிகர் நிற்கும் இடங்களையும் குறித்துப் பதிப்பித்தல் வேண்டும். மக்கள் வழக்கில் ஒரு சொல் வாழும்போதே அதன் மூலத்தைப் பதிவு செய்தல் எளிது. 'மன்னார் கம்பெனி' என்றால் யாதென வினவும் தலைமுறை வந்தபின் அகராதியில் தேடுவது அரிது. இப்பணியில் ஈடுபட இளம் ஆய்வாளர் முன்வருவாராக.